பச்சைத் தண்ணீரில் நச்சு மரபணுவைத் தேடுவது எப்படி? சேலத்தில் சயனோபாக்டீரியா ஆய்வைத் தொடங்குவோருக்கு

ஏரித் தண்ணீர் பச்சையாக இருப்பதை வைத்து அது நச்சுத் தண்ணீர் என்றும் சொல்ல முடியாது, நல்ல தண்ணீர் என்றும் சொல்ல முடியாது. நுண்ணோக்கியில் பார்த்து ‘மைக்ரோசிஸ்டிஸ்’ என்று பெயரைக் கண்டுபிடித்தாலும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை. ஒரே ஏரியில், ஒரே வாளித் தண்ணீரில், ஒரே இனப் பெயர் கொண்ட செல்களில் சில நச்சு செய்யும், சில செய்யாது. இரண்டையும் பிரித்துக் காட்டுவது மரபணு. சேலத்தில் தாவரவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் போன்ற பாடங்களில் முதுகலை ஆய்வுத் திட்டம் தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிசிஆர் இயந்திரமும் (டிஎன்ஏவின் குறிப்பிட்ட துண்டைப் பல மடங்காகப் பெருக்கும் கருவி) குளிர்பெட்டியும் உள்ள ஒரு சாதாரண கல்லூரி ஆய்வகமே இதற்குப் போதும்.

முதலில் அடிப்படை. சயனோபாக்டீரியா என்பவை ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாக்கள், நீலப்பச்சைப் பாசி என்றும் சொல்வார்கள். நன்னீர் சயனோபாக்டீரியாவின் நச்சுகளில் உலகெங்கும் அதிகம் தென்படுவது மைக்ரோசிஸ்டின். ஏழு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்துக்கொண்ட மூலக்கூறு இது. கல்லீரலின் செல்களுக்குள் புகுந்து, புரோட்டீன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதிகளின் வேலையை நிறுத்திவிடும். மற்ற புரதங்களைப் போல ரைபோசோமில் இது உருவாவதில்லை. இதற்கென்றே பெரிய நொதித் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதை உண்டாக்கும் மரபணுத் தொகுப்புக்கு எம்.சி.ஒய். என்று பெயர். 1997 இல் அந்தத் தொகுப்பின் ஒரு மரபணுவைச் சிதைத்துப் பார்த்தபோது அந்த மைக்ரோசிஸ்டிஸ் நச்சு செய்வதையே நிறுத்திவிட்டது. 2000 இல் முழுத் தொகுப்பும் வெளிவந்தது. சுமார் 55 கிலோபேஸ் (55,000 டிஎன்ஏ எழுத்துகள்) நீளம், ஏ முதல் ஜே வரை பத்து மரபணுக்கள், நடுவிலிருந்து இரு திசைகளில் வாசிக்கப்படும் இரண்டு வரிசைகள்.

2004 இல் வந்த இன்னொரு முடிவுதான் உங்கள் ஆய்வின் முதுகெலும்பு. எம்.சி.ஒய். மரபணுக்களின் மரபுவழி மரத்தையும் 16 எஸ் (எல்லா பாக்டீரியாவிலும் இருக்கும், இனம் காண உதவும் ரைபோசோம் ஆர்என்ஏ மரபணு) போன்ற அடிப்படை மரபணுக்களின் மரத்தையும் ஒப்பிட்டபோது இரண்டும் பெருமளவு ஒத்துப்போயின. நச்சு செய்யும் திறன் மிகப் பழையது, பிற்காலத்தில் பல கிளைகள் தனித்தனியாக அதை இழந்துவிட்டன என்பதே இதற்குப் பொருள். எனவே ‘நச்சுள்ள இனம்’, ‘நச்சற்ற இனம்’ என்று இரண்டு அறைகளைக் கட்டிவைத்து எல்லாவற்றையும் அவற்றில் அடைக்க முடியாது. நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். இது யார்? இதனிடம் நச்சு மரபணு இருக்கிறதா? ஒன்றின் விடையை மற்றொன்றின் விடையாக எழுதிவிட்டால் ஆய்வேட்டின் பாதி தவறாகிவிடும். எத்தனையோ ஆய்வேடுகளில் நடப்பதும் அதுதான்.

எந்த ஏரி?

சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. சமவெளி ஏரியும் மலை ஏரியும் ஒரே நாளில் போய் வரும் தொலைவில் கிடைக்கின்றன. கன்னங்குறிச்சிப் பக்கம் மூக்கனேரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏரி அதைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேலான உயரத்தில். வெயில், நீரின் வெப்பம், சுற்றியிருக்கும் நிலப் பயன்பாடு எல்லாம் வேறு. கீழே நகரத்தின் ஈரக்காற்றில்லாத வெயிலும் சத்து மிகுந்த நீரும். மேலே காப்பித் தோட்டங்களும் விடுதிகளும் படகுத் துறையும். ஒப்பிட்டு எழுத இதைவிட நல்ல ஜோடி இந்தப் பக்கம் கிடைக்காது. பனமரத்துப்பட்டி ஏரியும் பெரியதுதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் வறண்டு கிடந்த ஏரி அது, தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் பாசி படர்ந்து நாற்றம் அடிக்கிறது என்று பண்ணவாடி, கோட்டையூர்ப் பக்கமிருந்து நாளிதழ்களில் செய்தி வருவதைப் படித்திருப்பீர்கள். ஆர்வம் வருவது இயல்பு. இருந்தாலும் முதல் ஆய்வுக்கு நான் மேட்டூரைச் சொல்ல மாட்டேன். 120 அடி உயரம் வரை நீர் நிற்கும் அணை, கிளைகிளையாக விரிந்த பரப்பு; ஒரு துறையில் எடுத்த மாதிரியை வைத்து மொத்த நீர்த்தேக்கத்தைப் பற்றிப் பேச முடியாது. அணைப் பகுதிக்குள் போக அனுமதிக் கடிதம் வேண்டும். குடிநீர் ஆதாரம் என்பதால் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் எடை கூடும். கை பழகிய பிறகு போகலாம்.

எந்த ஏரியானாலும் துறைத் தலைவரின் கையெழுத்துடன் ஒரு கடிதத்தைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்காட்டில் படகில் போய் மாதிரி எடுக்க விரும்பினால் படகுத் துறையில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. விடுமுறை நாளில் போனால் அங்கே உங்களைக் கவனிக்க யாருக்கும் நேரம் இருக்காது.

மாதிரி எடுப்பது

காலையில் காற்று எழுவதற்கு முன் போங்கள். மைக்ரோசிஸ்டிஸ் செல்களுக்குள் நுண்ணிய காற்றுப் பைகள் உண்டு. அமைதியான நீரில் அவை மேலே மிதந்து வந்து படலமாகும். காற்று கிளம்பியதும் அந்தப் படலம் ஒரு கரையில் ஒதுங்கிவிடும். ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து காற்று அடிக்கும் காலத்தில் கிழக்குக் கரையில் கெட்டியாகவும் மேற்குக் கரையில் தெளிவாகவும் இருப்பதைப் பார்க்கலாம். கெட்டியான இடத்தில் மட்டும் எடுத்தால் ஏரி முழுவதும் அப்படித்தான் என்ற பிழையான எண்ணம் வரும். அதனால் ஒதுங்கிய படலத்திலிருந்து ஒன்று, திறந்த நீரிலிருந்து ஒன்று, கலங்கல் அல்லது மதகுப் பக்கம் ஒன்று என்று குறைந்தது மூன்று இடங்களில் எடுங்கள்.

பச்சையாக மிதப்பதெல்லாம் சயனோபாக்டீரியா அன்று. ஒரு கண்ணாடிப் புட்டியில் நீரை எடுத்து அசையாமல் வையுங்கள். தனித்தனி இலைகளாகத் தெரிந்தால் அது நீரில் மிதக்கும் சிறு தாவரம். கையில் எடுத்தால் நூலாக நீண்டு வந்தால் பெரும்பாலும் பச்சைப் பாசி. மெல்லிய மாவுபோல் மேலே வந்து படிந்தால் சயனோபாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். யூக்ளினாவும் குளங்களில் பச்சையாகவோ சிவப்பாகவோ படலம் கட்டும். நுண்ணோக்கியில் அது நெளிந்து நகர்வதைப் பார்த்ததும் தெரிந்துவிடும்.

எடுத்த நீரை அங்கேயே மூன்று பங்காக்குங்கள். முதல் பங்கு உயிருடன், ஆய்வகத்தில் வளர்க்கவும் பார்க்கவும். மூடியை இறுக்காமல், நிழலில் கொண்டு வாருங்கள், ஐஸில் புதைக்க வேண்டாம். இரண்டாவது பங்கில் லூகால் அயோடின் கரைசலைத் தேநீர் நிறம் வரும் வரை விடுங்கள். இது செல்களை எண்ண மட்டுமே. மூன்றாவது டிஎன்ஏவுக்கு. இதை வடிதாளில் வடித்து, தாள் நன்றாகப் பச்சையானதும் நிறுத்தி, எத்தனை மில்லிலிட்டர் வடித்தீர்கள் என்று எழுதி, உறைகுளிரில் வைத்துவிட வேண்டும். படலம் கெட்டியாக இருந்தால் 50 மில்லிலிட்டரிலேயே தாள் அடைத்துக்கொள்ளும். தெளிந்த நீரில் கால் லிட்டருக்கு மேலும் போகும். ஃபார்மலினை இந்தப் பங்கின் பக்கத்திலேயே கொண்டு வராதீர்கள். அது டிஎன்ஏவைப் பயனற்றதாக்கிவிடும். ஏற்காட்டில் எடுத்ததை 20 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிக் கீழே கொண்டுவர வேண்டும். மலையிலேயே வடித்துத் தாளை மட்டும் ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டால் லிட்டர் கணக்கில் தண்ணீர் சுமக்க வேண்டியதில்லை.

நச்சின் அளவையும் பின்னால் பார்க்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு பங்கைப் பழுப்பு நிறக் கண்ணாடிப் புட்டியில் எடுத்து உறைய வையுங்கள். மைக்ரோசிஸ்டின் சில பிளாஸ்டிக்குகளின் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

நீரின் வெப்பம், பி.எச்., தெளிவு, நேரம், ஜிபிஎஸ் புள்ளி ஆகியவற்றை அங்கேயே குறியுங்கள். பாசி அடர்ந்த நீரில் பகல் ஏற ஏறப் பி.எச். கூடும், செல்கள் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் இது நடக்கிறது. ஆகவே நேரம் எழுதாத பி.எச். எண்ணால் பயனில்லை. கையுறை அணியுங்கள். படலத்தில் வெறுங்காலுடன் இறங்காதீர்கள். வலையில் திரட்டிய கெட்டியான மிச்சத்தை மாடு குடிக்கும் படித்துறையில் கொட்டிவிட்டு வராதீர்கள்.

நுண்ணோக்கியை விட்டுவிட வேண்டாம்

மரபணு வேலைக்கு வருபவர்கள் நுண்ணோக்கியைப் பழைய காலத்துச் சாமானாக நினைத்து ஓரம் கட்டுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எந்த நச்சு மரபணுவைத் தேட வேண்டும் என்பதை நுண்ணோக்கிதான் சொல்லும். சிறு உருண்டைச் செல்கள் பசைக்குள் கூட்டமாக, காற்றுப் பைகளால் கருமையாகத் தெரிந்தால் மைக்ரோசிஸ்டிஸ். உருண்டைகள் சரமாகக் கோத்து, இடையிடையே வெளிறிய ஹெட்டிரோசிஸ்ட் (காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்தும்) செல் இருந்தால் டோலிகோஸ்பெர்மம். மெல்லிய இழையின் நுனியில் கூரான துளி வடிவ ஹெட்டிரோசிஸ்ட் இருந்தால் ராஃபிடியாப்சிஸ். ஹெட்டிரோசிஸ்டே இல்லாத நேரான இழை என்றால் பிளாங்க்டோத்ரிக்ஸ் அல்லது அதன் உறவுகள். இந்திய இனங்களுக்கு டி.வி. தேசிகாச்சாரி 1959 இல் வெளியிட்ட தொகுப்பு இன்றும் பயன்படுகிறது. ஆனால் பெயர்கள் மாறியிருக்கின்றன. மிதக்கும் அனபீனாக்கள் டோலிகோஸ்பெர்மம் ஆனது 2009 இல். சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ் ராஃபிடியாப்சிஸுடன் சேர்ந்தது 2018 இல். பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் போட்டுத் தேடாவிட்டால் பாதிக் கட்டுரைகள் கண்ணில் படாது.

ராஃபிடியாப்சிஸ் தெரிந்தால் எம்.சி.ஒய். மட்டும் தேடுவது வீண் வேலை. ராஃபிடியாப்சிஸ் ராசிபோர்ஸ்கியை இனம் ஆஸ்திரேலியாவில் சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் என்னும் நச்சைச் செய்கிறது; பிரேசிலில் அதே இனம் சாக்ஸிடாக்சின் என்னும் நரம்பு நச்சின் வகைகளைச் செய்கிறது. 1979 இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணையில் பெருகிய பாசியைக் கொல்லத் தாமிர சல்பேட்டைப் போட்டார்கள். அடுத்த சில நாட்களில் 140க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், கல்லீரல், சிறுநீரகக் கோளாறுகளுடன் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பின்னர் அந்த அணையின் ராஃபிடியாப்சிஸிலிருந்துதான் சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் பிரித்தெடுக்கப்பட்டது. அந்த நச்சுக்கு சி.ஒய்.ஆர்., சாக்ஸிடாக்சினுக்கு எஸ்.எக்ஸ்.டி., அனடாக்சின் என்னும் மற்றொரு நரம்பு நச்சுக்கு ஏ.என்.ஏ. என்று தனித்தனி மரபணுத் தொகுப்புகள் உள்ளன. பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நுண்ணோக்கியில் கண்டதை வைத்து ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்தால் போதும். இனி வருவதை மைக்ரோசிஸ்டினை வைத்தே சொல்கிறேன். வழிமுறை மற்றவற்றுக்கும் இதுதான்.

தனியாக்கி வளர்ப்பதா, நேரடியாக டிஎன்ஏ எடுப்பதா?

நேரம் ஆறு மாதத்துக்குக் குறைவு என்றால் ஏரி நீரிலிருந்து நேரடியாக எடுங்கள். ஆனால் அது கலவை. அதில் நச்சு மரபணுப் பட்டை (பிசிஆரில் பெருகிய துண்டு ஜெல்லில் தெரியும் கோடு) தெரிந்தால் ‘இந்த நீரில் யாரோ ஒருவரிடம் அது இருக்கிறது’ என்பதுவரைதான் சொல்லலாம். ‘இந்த மைக்ரோசிஸ்டிஸ் நச்சுள்ளது’ என்று எழுத வேண்டுமானால் ஒரு கூட்டத்தை நுண்குழாயால் உறிஞ்சி, சுத்த ஊடகத் துளிகளில் மாற்றி மாற்றிக் கழுவி, பி.ஜி.-11 ஊடகத்தில் தனியாக வளர்க்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். வெளிச்சம் மங்கலாக, வெப்பம் 25 டிகிரியை ஒட்டி இருக்கட்டும். சேலத்துக் கோடையில் குளிர்சாதனம் இல்லாத அறையில் அலமாரி தானாகவே 35ஐத் தாண்டும். ஆகவே வளர்ப்பு வேலையைக் கார்த்திகை, மார்கழியில் தொடங்குவது புத்திசாலித்தனம். கூடவே வாழும் மற்ற பாக்டீரியாக்களை அடியோடு ஒழிக்க வேண்டிய தேவை இல்லை. பிரைமர்கள் (பிசிஆர் எந்தத் துண்டைப் பெருக்க வேண்டும் என்று குறிக்கும் சிறு டிஎன்ஏ இழைகள்) சயனோபாக்டீரியாவை மட்டுமே பிடிக்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டவை. தேவை முடிந்த வளர்ப்புகளை ஆட்டோகிளேவ் செய்த பிறகே ஊற்றுங்கள். திருமணிமுத்தாற்றுக்கு ஏற்கெனவே இருக்கும் சுமை போதும்.

டிஎன்ஏ எடுக்கும்போது உங்களைப் படுத்தப் போவது அந்தப் பசை. மைக்ரோசிஸ்டிஸ் கூட்டத்தைச் சுற்றியிருக்கும் சர்க்கரைப் பசை டிஎன்ஏவுடன் சேர்ந்தே வந்து பிசிஆர் வினையை முடக்கிவிடும். உறையவைத்து உருக்குவதைச் சில முறை செய்து செல்லை உடைத்து, லைசோசைமும் புரோட்டீனேஸ் கே-யும் சேர்த்து, பிறகு சி.டி.ஏ.பி. என்னும் வேதிப்பொருளைக் கொண்டு எடுத்தால் பசை பெருமளவு பிரியும். சாந்தோஜீனேட் முறையும் சயனோபாக்டீரியாவுக்கு நன்றாக வேலை செய்கிறது. ஒளிமானியில் 260/280 விகிதம் 1.8ஐ ஒட்டி இருந்தும் 260/230 மிகக் குறைவாக இருந்தால் பசை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது மறுபடியும் எடுக்க ஓடுவதற்கு முன் டிஎன்ஏவைப் பத்து மடங்கும் நூறு மடங்கும் நீர்த்துப் பிசிஆர் செய்து பாருங்கள். கெட்டியான டிஎன்ஏவில் வராத பட்டை நீர்த்ததில் பளிச்சென்று வருவது இந்த வேலையில் அன்றாட நிகழ்ச்சி.

பிசிஆர்: வரிசை மாறக் கூடாது

முதலில் செய்ய வேண்டியது 16 எஸ். சயனோபாக்டீரியாவுக்கென்று 1997 இல் வெளியான 359 முன்பிரைமரும் 781 பின்பிரைமரும் இன்றும் எல்லோரும் பயன்படுத்துபவை. 400 கார இணைகளுக்குச் சற்று மேலான துண்டு வரும். இது வந்தால் டிஎன்ஏ நன்றாக இருக்கிறது, தடைப்பொருள் இல்லை என்று பொருள். வராவிட்டால் நச்சு மரபணுவுக்குப் போகவே கூடாது. ஒரு சூட்சுமம்: பச்சைப் பாசி, டயட்டம் (சிலிக்கா ஓடுள்ள நுண்பாசி) ஆகியவற்றின் பசுங்கணிகத்தையும் இந்தப் பிரைமர்கள் பிடிக்கும், ஏனென்றால் பசுங்கணிகத்தின் முன்னோர் சயனோபாக்டீரியாதான். எனவே கலவை மாதிரியில் 16 எஸ் பட்டையைக் கண்டதும் சயனோபாக்டீரியா என்று முடிவுகட்டாமல், சயனோபாக்டீரியாவின் நீல நிறமியான ஃபைகோசயனினின் மரபணுக்களான சி.பி.சி.-பி, சி.பி.சி.-ஏ இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியையும் செய்துபாருங்கள். பச்சைப் பாசியிலும் டயட்டத்திலும் ஃபைகோசயனின் கிடையாது. அந்த இடைப்பகுதி இனத்துக்குள்ளேயே அதிகம் மாறுவதால் நெருங்கிய வகைகளைப் பிரிக்கவும் 16 எஸ்ஸைவிட உதவும்.

அடுத்துதான் நச்சு மரபணு. ஒன்றை மட்டும் செய்ய வசதி இருந்தால் எம்.சி.ஒய்.-இ செய்யுங்கள். மைக்ரோசிஸ்டினின் தனி அடையாளமான ‘அட்டா’ என்னும் அமினோ அமிலம் உருவாவதில் இதற்குப் பங்கு உண்டு. ஹெப் என்று அழைக்கப்படும் பிரைமர் ஜோடி இதன் ஒரு பகுதியைப் பிடித்து 472 கார இணை நீளத் துண்டைத் தரும். மைக்ரோசிஸ்டிஸ், பிளாங்க்டோத்ரிக்ஸ், அனபீனா வகைகள், நாஸ்டாக் எல்லாவற்றிலும் இது வேலை செய்யும். உவர்நீர் நாடுலேரியா செய்யும் நாடுலாரின் என்னும் நச்சின் மரபணுவையும் பிடிக்கும். இணைப்பு வெப்பத்தை 52 டிகிரியில் தொடங்கலாம். இரண்டாவதாக எம்.சி.ஒய்.-ஏ-யின் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். துண்டு சுமார் 300 கார இணை. இரண்டு ஏன் என்றால், தொகுப்பின் ஒரு பகுதியை மட்டும் இழந்த வகைகள் இயற்கையில் உண்டு.

ஒவ்வொரு முறையும் மூன்று கட்டுப்பாடுகள் இல்லாமல் ஜெல் ஓட்டாதீர்கள். நச்சு செய்வது உறுதியான வகையின் டிஎன்ஏ, நச்சு செய்யாதது உறுதியான வகையின் டிஎன்ஏ, வெறும் தண்ணீர். உலக ஆய்வகங்களில் முதலாவதுக்கு மைக்ரோசிஸ்டிஸ் பி.சி.சி. 7806, இரண்டாவதுக்கு பி.சி.சி. 7005 வழக்கம். பாரிஸிலிருந்து வளர்ப்பையே வரவழைப்பது செலவு. இந்த வேலையை ஏற்கெனவே செய்யும் இந்திய ஆய்வகம் ஒன்றுக்கு வழிகாட்டிப் பேராசிரியர் மூலம் எழுதி, சில மைக்ரோலிட்டர் டிஎன்ஏ கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் சயனோபாக்டீரியா வளர்ப்புகளுக்கென்றே தேசிய அளவிலான சேகரம் உண்டு. விசாரிப்பதை அங்கிருந்து தொடங்கலாம்.

ஜெல்லைப் படிப்பது

16 எஸ் உண்டு, எம்.சி.ஒய். உண்டு: நச்சு செய்யும் மரபணு இருக்கிறது. 16 எஸ் உண்டு, எம்.சி.ஒய். இல்லை: தேடிய பகுதி கிடைக்கவில்லை, இதை ‘நச்சற்றது’ என்று எழுதுவதற்கு முன் நீர்த்த டிஎன்ஏவிலும் இரண்டாவது பிரைமரிலும் பாருங்கள், வேறு நச்சுகளும் உண்டு என்பதை மறவாதீர்கள். இரண்டும் இல்லை: ஒன்றும் சொல்ல முடியாது. 16 எஸ் இல்லாமல் எம்.சி.ஒய். மட்டும் வந்தால் மேசையைத் துடைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். பெரும்பாலும் கட்டுப்பாட்டு டிஎன்ஏ எங்கோ தெறித்திருக்கிறது. தண்ணீர்க் குழியில் மங்கலாகவேனும் பட்டை தெரிந்தால் அந்த ஜெல் முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டியதுதான். மனம் கேட்காது. ஆனாலும் ஒதுக்குங்கள்.

மரபணு இருப்பதும் நச்சு இருப்பதும் ஒன்றல்ல. வீட்டில் சமையல் குறிப்பு இருப்பதால் அடுப்பில் குழம்பு கொதிக்கிறது என்று பொருள் இல்லையே. பிளாங்க்டோத்ரிக்ஸ் வகைகள் சிலவற்றில் எம்.சி.ஒய். முழுமையாகத் தெரிந்தும், நடுவில் புகுந்த ஒரு டிஎன்ஏ துண்டோ சிறு வெட்டோ காரணமாக நச்சு உருவாவதே இல்லை. ஆகவே முடிவில் ‘மைக்ரோசிஸ்டின் உருவாக்கும் மரபுத் திறன் உடையது’ என்று எழுதுங்கள். ‘நச்சுள்ளது’ என்ற சொல்லை, நச்சையே அளக்கும் எலிசா அல்லது எல்.சி.-எம்.எஸ். சோதனையின் அளவு கையில் இருக்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள்.

அளவும் முக்கியம். ஒரு ஏரியின் மைக்ரோசிஸ்டிஸ் கூட்டத்தில் எத்தனை பங்கு நச்சு மரபணு உடையது என்பதை நிகழ்நேரப் பிசிஆர் காட்டும். பெர்லினின் வான்சே ஏரியில் இப்படி அளந்தபோது அந்தப் பங்கு 1 முதல் 38 விழுக்காடு வரை இருந்தது. சாதாரண பிசிஆரில் இந்த இரு முனைகளும் ஒரே பளிச்சென்ற பட்டையாகத்தான் தெரிந்திருக்கும்.

வரிசையும் மரமும்

பட்டைகளை வெட்டிச் சுத்தம் செய்து இரு திசைகளிலும் வரிசைப்படுத்த (டிஎன்ஏ எழுத்துகளின் வரிசையைப் படிக்க) அனுப்புங்கள். முடிவு வந்ததும் எழுத்துகளை மட்டும் பார்க்காமல் அலைவரைபடத்தைத் திறந்து பாருங்கள். ஒரே இடத்தில் இரண்டு முகடுகள் அடுக்கியிருந்தால் அது கலவை, அந்த வரிசையால் பயனில்லை. முனைகளில் தெளிவற்ற பகுதியை வெட்டிவிட்டு, வரிசைகளை ஒப்பிட்டுத் தேடித் தரும் பிளாஸ்ட் இணையக் கருவியில் தேடுங்கள். முதலில் வருவது ‘வளர்க்கப்படாத சயனோபாக்டீரியம்’ என்றிருக்கும். அதை வைத்துப் பெயர் சூட்டாமல், பெயரும் வளர்ப்பு எண்ணும் உள்ள வகைகள் வரும் வரை கீழே இறங்குங்கள். எம்.சி.ஒய்.-இ துண்டை வரிசைப்படுத்துவதில் கூடுதல் லாபம் ஒன்று இருக்கிறது. அந்த 472 கார இணைகளே அது எந்தப் பேரினத்தின் மரபணு என்று சொல்லிவிடும். கலவை நீரிலிருந்து எடுத்திருந்தாலும் நச்சு மரபணுவின் சொந்தக்காரர் மைக்ரோசிஸ்டிஸா பிளாங்க்டோத்ரிக்ஸா என்று தெரியும்.

மெகா மென்பொருளில் இரண்டு மரங்களைத் தனித்தனியாக வரையுங்கள், 1000 பூட்ஸ்ட்ராப்புடன் (கிளைகள் எவ்வளவு உறுதியானவை என்று பார்க்கும் மறுசோதனை). 16 எஸ் மரத்துக்கு வெளிக்கிளையாக (மரத்தின் வேரைக் குறிக்கும் தூரத்து உறவாக) குளோயோபாக்டர் வயலேசியஸ் பொருத்தம். சயனோபாக்டீரியாவில் மிகத் தொடக்கத்திலேயே பிரிந்த கிளை அது. பிறகு 16 எஸ் மரத்தில் எம்.சி.ஒய். உள்ளவற்றுக்குச் சிவப்புப் புள்ளி வையுங்கள். மைக்ரோசிஸ்டிஸ் கொத்துக்குள் புள்ளி உள்ளதும் இல்லாததும் கலந்து கிடக்கும். மாணவர்கள் பலர் இதைக் கண்டதும் ஆய்வு தவறாகிவிட்டது என்று மனம் தளர்கிறார்கள். தவறாகவில்லை, அதுவே முடிவு. மைக்ரோசிஸ்டிஸின் ஐந்து ‘இனங்களின்’ 16 எஸ் வரிசைகள் 99 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருக்கின்றன. அவற்றை ஒரே இனமாக்கலாம் என்று 2001 லேயே ஜப்பானிய ஆய்வாளர்கள் முன்மொழிந்தார்கள். அவ்வளவு நெருங்கிய உறவுக்குள் ஒரு மரபணுத் தொகுப்பு சிலரிடம் மட்டும் எஞ்சியிருப்பதை 16 எஸ் எப்படிக் காட்டும்? ‘மரத்தில் நச்சுள்ளவை தனிக் கொத்தாக வந்தன’ என்று ஒரு மாணவர் மைக்ரோசிஸ்டிஸைப் பற்றி எழுதிவந்தால் நான் முதலில் கேட்பது எத்தனை வகைகளைச் சேர்த்தீர்கள் என்பதுதான். நான்கைந்தை வைத்து வரைந்தால் எந்தக் கொத்தும் வரும்.

ஊருக்கு என்ன சொல்வது?

கரையில் நீங்கள் வலை வீசும்போதே மீன் பிடிப்பவரும் மாடு மேய்ப்பவரும் வந்து கேட்பார்கள். ஜெல் பட்டையை வைத்து அவர்களைப் பயமுறுத்த உங்களுக்கு உரிமை இல்லை. ஒன்றும் இல்லை என்று சொல்லவும் உரிமை இல்லை. கெட்டியான படலம் ஒதுங்கிய இடத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டாம், நாயையும் குழந்தைகளையும் இறங்கவிட வேண்டாம் என்பதை எந்த ஆய்வும் இல்லாமலேயே சொல்லலாம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையையும் திருத்துங்கள். மைக்ரோசிஸ்டின் கொதிநிலையைத் தாங்கும், கொதிக்கக் கொதிக்க நீர் வற்றி அடர்த்திதான் கூடும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஈரி ஏரியிலிருந்து வந்த குடிநீரில் இந்த நச்சு தென்பட்டபோது, நான்கு லட்சம் பேரிடம் குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம், கொதிக்கவும் வைக்க வேண்டாம் என்று நகராட்சி சொன்னது இதனால்தான். தாமிர சல்பேட் போட்டுக் கொல்லலாம் என்று யாராவது கிளம்பினால் பாம் தீவைச் சொல்லுங்கள். செல் உடைந்தால் உள்ளே இருந்த நச்சு நீரில் கலந்துவிடும்.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு, வாழ்நாள் முழுவதும் குடிக்கும் நீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம் மைக்ரோசிஸ்டின்-எல்.ஆர். (மைக்ரோசிஸ்டினின் ஒரு வகை); குறுகிய காலத்துக்கு 12; குளித்து விளையாடும் நீருக்கு 24. இந்த எண்களுடன் ஒப்பிட உங்களிடம் எலிசா அளவு வேண்டும், பிசிஆர் முடிவு போதாது. அளவு கூடுதலாக வந்தால் எழுதிக் கொடுக்க வேண்டிய இடம் ஏரியைப் பராமரிக்கும் துறை. சமூக வலைத்தளம் அதற்குப் பிறகு.

முடிவுகள் உறுதியானதும் வரிசைகளை ஜென்பேங்க் என்னும் பொது டிஎன்ஏ தரவுத்தளத்தில் பதிவு செய்யுங்கள். ஏரியின் பெயர், ஜிபிஎஸ் புள்ளி, எடுத்த நாள், தனி வளர்ப்பா கலவையா என்ற விவரம் நான்கும் இல்லாமல் அனுப்பாதீர்கள். எம்.சி.ஒய். கிடைக்காத வகைகளின் 16 எஸ் வரிசையையும் சேர்த்தே அனுப்புங்கள். நச்சுள்ளதை மட்டும் பதிவு செய்யும் பழக்கத்தால் நம் பக்கத்து ஏரிகளின் நச்சற்ற வகைகள் ஒப்பீட்டுக்குக் கிடைப்பதே அரிதாக இருக்கிறது. வளர்ப்பையோ டிஎன்ஏவையோ வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப நினைத்தால் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், அனுமதி வர நேரம் பிடிக்கும். மீதமுள்ள வடிதாள்களை எழுத்து அழியாத பேனாவால் பெயரெழுதி உறைபெட்டியில் விட்டுச் செல்லுங்கள். அடுத்த ஆண்டு அதே ஏரிக்குப் போகும் மாணவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அவை தேவைப்படும்.